டீச்சரைக் கேளுங்கள்: அப்பனை உரிச்சு வச்சிருக்கு!

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். பதினொன்றில் ஏழு ஒரே சங்கதி. கோபம், கூச்சம், பிடிவாதம், கஞ்சத்தனம் எல்லாம் ரத்தத்தில் வருவதா, வளர்ப்பில் வருவதா? போன இதழில் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) பற்றி நாலு வரி எழுதிய வினை இது. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், தப்பிக்க முடியாது. மாடித்தோட்டத்து மாவுப்பூச்சி பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். அதுவரை வேப்பெண்ணெய்.

கே: என் நாலு வயது மகன் கோபம் வந்தால் தரையில் புரண்டு கத்துகிறான். "இதெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாது, உங்கப்பா வழி" என்கிறார் மாமியார். என் அப்பா கோபக்காரர்தான். கோபம் பரம்பரையாக வருமா டீச்சர்?
— ஒரு வாசகி, கொளத்தூர்

நாலு வயதுப் பிள்ளை தரையில் புரள்வதற்குத் தாத்தாவைத் தேடிப் போக வேண்டாம். பசியா, தூக்கமா என்று முதலில் பாருங்கள். அந்த வயதில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான்.

உங்கள் மாமியாருக்குக் கணக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். பேரனுடைய மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கு உங்கள் அப்பாவுடையது. கால் பங்கு உங்கள் அம்மாவுடையது. மீதிக் கால், கால் உங்கள் மாமனாரும் மாமியாரும் கொடுத்தது. கோபம் வந்தால் "உங்க வழி", கணக்கில் நூறு வாங்கினால் "எங்க வழி" என்று பிரிப்பதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. நம் வீடுகளில் "ரத்தம்" என்ற சொல் பெரும்பாலும் புகார் சொல்லத்தான் பயன்படுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

இப்போது என் வீட்டுக் கதை. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர் என் அப்பா. தங்கமான மனுஷர், ஆனால் ரசத்தில் உப்பு குறைந்தால் எவர்சில்வர் டம்ளர் சுவரைப் பார்த்துப் பறக்கும். அப்படிப் பறந்ததில் விளிம்பு நசுங்கிய ஒன்று இன்னும் என் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது, தினம் அதில்தான் அளக்கிறேன். எனக்கு அந்தக் கோபம் அப்படியே வந்தது. "அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்பாள் அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைசி பெஞ்சில் சிரித்த ஒரு பெண்ணைப் பார்த்து டஸ்டரை வீசினேன். படவில்லை. பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைப்பு வரும். ஆனால் அதே வீட்டில், அதே ரசம் சாப்பிட்டு, அதே டம்ளர் பறப்பதைப் பார்த்து வளர்ந்த என் தம்பி? பக்கத்தில் இடி விழுந்தாலும் "என்னக்கா சத்தம்?" என்பான்.

ஏன் இப்படி? மனித உடலில் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் அப்பா கொடுக்கிறார், எது என்பது குலுக்கல். 23 தடவை காசு சுண்டினால் எத்தனை விதமாக விழும்? 83,88,608 விதம். அது அப்பா பக்கம் மட்டும். அம்மா பக்கம் இன்னொரு 83,88,608. குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை இதில் நான் சேர்க்கவே இல்லை. கூடப்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுக்களைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆமாம், சுபாவத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் சுமார் 40 சதவீதம் மரபணு வேறுபாட்டால் என்று வந்தது. இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் மகனுடைய கோபத்தில் நாற்பது பைசா தாத்தாவுடையது, அறுபது பைசா வளர்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆயிரம் பேரை நிறுத்தி, இவர்களுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டால் வரும் பதில் அது. ஒரு ஆளைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லவே முடியாது.

என் அம்மா வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து வெடித்த இரண்டு கன்றுகளைப் பிடுங்கி வந்தேன். வேர்க்கன்று என்றால் தாய் மரத்தின் அச்சு, மரபணுவில் துளி வித்தியாசம் கிடையாது. ஒன்றை மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் வைத்தேன். இன்னொன்றை ஆவடியில் தங்கை வீட்டுத் துவைக்கிற கல் பக்கத்தில் நட்டோம். ஆவடிக்காரி இப்போது தங்கையின் ஜன்னலை எட்டிப் பார்க்கிறாள். என் வாளிக்காரி முட்டி உயரத்தில் நின்றுகொண்டு, ரசத்துக்கு நாலு இலை கேட்டால் இரண்டு கொடுக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு பூஜ்யம். அதற்காக உயரத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வோமா? ஒரே மண்ணில் பத்து வேறு வேறு விதைக்கன்றுகளை நட்டு, ஒரே தண்ணீர் விட்டிருந்தால் கணக்கு தலைகீழாக மாறியிருக்கும். அந்த 40 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை. எந்தக் கூட்டத்தை, எந்த மண்ணில் அளந்தோம் என்பதைப் பொறுத்தது.

மகனுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள்.

கே: பிறந்த உடனே பிரிந்த இரட்டையர் இருவர் ஒரே பெயருள்ள பெண்களைக் கல்யாணம் செய்து, நாய்க்கும் ஒரே பெயர் வைத்தார்களாம். வாட்ஸ்ஆப்பில் வந்தது. புருடாவா?
— ஆர்.கே., நங்கநல்லூர்

அதிசயம், இந்தத் தடவை வாட்ஸ்ஆப் உண்மை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்காரர்கள். நாலு வாரக் குழந்தைகளாக இருக்கும்போது வேறு வேறு வீட்டுக்குத் தத்துப் போனவர்கள். 1979-இல், 39-ஆவது வயதில் சந்தித்தார்கள். இரண்டு வளர்ப்புக் குடும்பமும் பிள்ளைக்கு ஜிம் என்றே பெயர் வைத்திருந்தது. இருவருக்கும் முதல் மனைவி லிண்டா, இரண்டாம் மனைவி பெட்டி. நாய் பெயர் டாய். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்ட் என்ற உளவியலாளர் இவர்களைக் கூப்பிட்டு ஆராய்ந்தார். பிரிந்து வளர்ந்த இரட்டையர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த பெரிய ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

ஆனால் "லிண்டாவைக் கட்டு" என்று சொல்லும் மரபணு எதுவும் கிடையாது. அந்தத் தலைமுறையில் அமெரிக்காவில் தெருவுக்கு நாலு லிண்டா. நம் ஊரில் ஐம்பதுகளில் பிறந்த இரண்டு பேர் இருவருமே ஒரு விஜயாவைக் கட்டியிருந்தால் யாராவது ஆச்சரியப்படுவோமா? அந்த ஆய்வில் கனமான விஷயம் நாய்ப் பெயர் இல்லை, வேறு. பிரிந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையர் (ஒரு கரு இரண்டாகப் பிரிந்து, ஒரே மரபணுவோடு பிறந்தவர்கள்), குணத்தைப் பொறுத்தவரை, ஒன்றாக வளர்ந்த ஒரே கரு இரட்டையரைப் போலவே ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்.

அதற்காக ஒரே கரு என்றால் ஒரே ஆள் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் அப்படி இரண்டு பெண்கள், எட்டாம் வகுப்பு, என்னிடம் டியூஷன் வருகிறார்கள். ஒரே ஜடை, ஒரே ரிப்பன். எனக்கு அடையாளம் பென்சில். ஒருத்தி பென்சிலின் பின்பக்கம் முழுக்கப் பல் தடம், ஈரம். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் பென்சிலைத்தான் கடிப்பாள். இன்னொருத்தி நான் கேள்வியை முடிக்கவே விடமாட்டாள், பாதிக்கு மேல் தப்பான பதில், கவலையே இல்லை. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே ஸ்கூல்.

இதை ஜெர்மனியில் எலிகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள், 2013-இல். மரபணுவில் அச்சாக ஒரே மாதிரியான 40 சுண்டெலிகளை, ஏணியும் குழாயுமாக இருந்த ஒரே பெரிய கூண்டில் விட்டார்கள். மூன்று மாதத்தில் சிலது ஊர் சுற்றிகளாகவும் சிலது மூலையை விட்டு நகராதவையாகவும் மாறிவிட்டன. அதிகம் சுற்றிய எலிகளின் மூளையில் புது நரம்பணுக்கள் அதிகம் முளைத்திருந்தன. மரபணுவிலும் வராமல், வேறு கூண்டினாலும் வராமல், இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு மூன்றாவது எங்கிருந்தோ வருகிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த இடமே அதுதான்.

கே: பெயர், ஏரியா போட வேண்டாம் டீச்சர். என் மகள் மூன்று மாதக் குழந்தையாகத் தத்தெடுத்து வந்தவள். இப்போது பதிமூன்று வயது. பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தாள். நாத்தனார் "யார் பெத்த புள்ளையோ, புத்தி எங்க போகும்" என்றுவிட்டார். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.
— ஒரு அம்மா, சென்னை

முதலில் நாத்தனார் விஷயம். அவர் பதிமூன்று வயதில் அப்பா சட்டைப் பையைத் தொட்டதே இல்லையா என்று கேட்க ஆசையாக இருக்கிறது. நான் தொட்டிருக்கிறேன். அப்பா என்னைப் பெற்றவர்தான்.

மழுப்பாமல் சொல்கிறேன். தத்துப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு குணத்தில் வளர்த்தவர்களை அவ்வளவாக ஒத்திருப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்வது நிஜம். இதைக் கேட்டுப் பயப்படுமுன் அடுத்த பாதியையும் கேளுங்கள். பெற்ற பிள்ளைகளும் குணத்தில் பெற்றவர்களை அவ்வளவாக ஒத்திருப்பதில்லை! அந்தக் குலுக்கல்தான் காரணம். நீங்களே பெற்றிருந்தாலும் பிறக்கப்போகிறவள் கூச்சக்காரியா, வாயாடியா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. உங்கள் மகளைப் பெற்றவர்கள் யாரென்று தெரிந்தாலும் அதை வைத்து அவள் சுபாவத்தைச் சொல்ல முடியாது. திருட்டுக்கென்று ஒரு மரபணு கிடையாது, பொய்க்கும் கிடையாது. இருப்பதெல்லாம் சாய்வுகள். ஒருத்திக்குப் படபடப்பு அதிகம், ஒருத்திக்குப் புதுசு என்றால் ஆசை அதிகம், ஒருத்திக்குப் பொறுமை குறைவு. அந்தச் சாய்வு என்னவாக முடிகிறது என்பது அவள் எந்த வீட்டில், யாரோடு, என்ன பழக்கத்தில் இருக்கிறாள் என்பதில் தொங்குகிறது.

"அப்படியானால் என் வளர்ப்புக்கு என்ன மதிப்பு?" என்று கேட்பீர்கள். வீடு என்பது இட்லித் தட்டு இல்லை. எல்லாப் பிள்ளையையும் ஒரே வடிவத்தில் வார்த்து எடுக்காது. அதனால்தான் புள்ளிவிவரத்தில் "வீட்டின் பங்கு" சின்னதாகத் தெரிகிறது, அந்தப் பங்கு அளப்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான். பயம் வந்தால் யாரிடம் ஓடுவது, தப்பு செய்தால் சொல்லலாமா கூடாதா என்பதையெல்லாம் அவள் உங்களிடம்தான் கற்கிறாள். அது எந்தச் சதவீதத்திலும் வராது.

ஐம்பது ரூபாய் எதற்கு என்று கேட்டீர்களா? உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் அந்த ஒன்று மட்டும் இல்லை. சத்தம் போடாமல், நாத்தனார் இல்லாத நேரத்தில் கேளுங்கள். தத்து விஷயம் அவளுக்குத் தெரியுமா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் நாத்தனார் வாயிலிருந்து தெரிவதற்கு முன் உங்கள் வாயிலிருந்து தெரியட்டும். எடுப்பது தொடர்ந்தால் குழந்தைகளுக்கான கவுன்சலர் ஒருவரைப் பாருங்கள். தத்துப் பிள்ளை என்பதற்காக இல்லை, எந்தப் பதிமூன்று வயதுக்கும் இதைத்தான் சொல்வேன்.

கே: மகளின் பள்ளியில் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, அவள் பிறவிக் குணம், எந்தப் படிப்பு பொருந்தும் என்று முப்பது பக்க ரிப்போர்ட் தருகிறார்களாம். கட்டணம் ஐயாயிரம். கட்டலாமா?
— எம்.எஸ்., வளசரவாக்கம்

கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு அவளைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும் கூட்டிப்போய், எதன் முன்னால் அதிக நேரம் நிற்கிறாள் என்று பாருங்கள். மிச்சப் பணத்தில் ஐஸ்கிரீம்.

கைரேகை, கரு மூன்று நாலு மாதமாக இருக்கும்போது கர்ப்பத்துக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. மரபணு ஒரு கோலத்தின் புள்ளிகளை வைக்கும், இழுக்கிற கோடு அந்தக் குழந்தை பனிக்குடத்தில் எப்படிக் கிடந்தது, விரல் எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் ஒரே கரு இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாக இருக்காது. பென்சில் கடிக்கிறவள் குணம் அவள் கட்டைவிரலில் எழுதியிருக்கவில்லை. இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் ரிப்போர்ட் படித்த எல்லோருக்கும் "அப்படியே என் பொண்ணு!" என்று தோன்றும். கிளி ஜோசியரிடமும் அப்படித்தான் தோன்றும். அவர் வாங்குவது சொற்பம், கிளியும் பார்க்க அழகு.

கே: எச்சில் அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்துக் குணம் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?
— ஒரு ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

டி.என்.ஏ. அசல் விஞ்ஞானம். குணம் சொல்லும் பக்கம்தான் பலவீனம்.

1996-இல் பெரிய கோலாகலம். செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கையாளும் ஒரு மரபணுவுக்கும் கவலைப்படும் சுபாவத்துக்கும் தொடர்பு என்று ஒரு குழு. டோபமைன் என்ற வேறொரு ரசாயனம் சம்பந்தப்பட்ட மரபணுவுக்கும் புதுமை தேடும் ஆசைக்கும் தொடர்பு என்று வேறு குழுக்கள். நானே வகுப்பில் பலகையில் படம் போட்டு நடத்தினேன், மாணவிகள் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினார்கள். பிறகு லட்சக்கணக்கானவர்களை வைத்துச் சோதித்தால் அந்தத் தொடர்புகள் கரைந்துபோயின. மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேர்போன 18 மரபணுக்களை 2019-இல் மறுபடி சோதித்தார்கள். குருட்டுத்தனமாக எடுத்த வேறு எந்த மரபணுவையும்விட அவை விசேஷமாக இல்லை. என் பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்தை அழித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

இப்போது தெரிவது இதுதான். 2018-இல் சுமார் 4,49,000 பேரின் மரபணுவைத் துழாவி, கவலைச் சுபாவத்தோடு தொடர்புள்ள 136 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் கடுகில் கால்வாசி. அந்தத் தகவலும் ஐரோப்பிய வம்சத்தவர்களிடம் எடுத்தது, நமக்கு இன்னும் சரியாகப் பொருந்தாது. கூட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவும். உங்களைப் பற்றி உங்கள் டீம் லீடர் இதைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

கே: ராஜபாளையம் நாய்க்கு ஒரு குணம், லாப்ரடாருக்கு ஒரு குணம். நாய்க்கு இனக்குணம் உண்டென்றால் மனிதனில் ஜாதிக்கு மட்டும் கிடையாதா? சில கூட்டத்தாருக்குத் திருட்டு பிறவியிலேயே உண்டு என்று எங்கள் அப்பார்ட்மென்ட் பெரியவர் வாதிடுகிறார்.
— கே.பி., அண்ணா நகர்

பெரியவருக்கு முதலில் நாயைப் பற்றியே தெரியவில்லை. 2022-இல் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தையைக் கேட்டறிந்து ஆராய்ந்ததில், ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் உள்ள நடத்தை வித்தியாசத்தில் இனம் விளக்குவது வெறும் 9 சதவீதம். முரட்டு லாப்ரடாரும் சாது ராஜபாளையமும் ஏராளம்.

தேர்ந்தெடுத்து வளர்த்தால் சுபாவம் மாறும் என்பது சரிதான். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் பெல்யாயெவ் என்பவர் 1959-இல் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரிடம் சாதுவாக இருந்த நரிகளை மட்டும் இணை சேர்த்தார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக் கையை நக்கும் குட்டிகள் வந்தன. எந்த ஜாதியில் இப்படிச் செய்தார்கள்? நம் தாத்தா பாட்டிகள் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், நகை பார்த்தார்கள், நஞ்சை எத்தனை ஏக்கர் என்று பார்த்தார்கள். பொறுமைசாலியை மட்டும் பிள்ளை பெற விட்டு மற்றவர்களை நிறுத்திவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மனிதரின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது என்று மரபியல் விஞ்ஞானி ரிச்சர்ட் லெவான்டின் 1972-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

பெரியவர் சொல்வது புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த ஜாதியை வைத்தே குற்றவாளி என்று பதிந்து, விரல்ரேகை எடுத்தார்கள். தென்மாவட்டத்தில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். மரபணு எதனால் ஆனது என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. டி.என்.ஏ.யின் வடிவமே 1953-இல்தான் தெரிந்தது. சங்கக் கூட்டத்தில் பெரியவர் மறுபடி ஆரம்பித்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கே: டீச்சர் ஆன்ட்டி, நானும் என் தம்பியும் ட்வின்ஸ். ஏழாவது படிக்கிறோம். அவன் எனக்கு மூணு நிமிஷம் சின்னவன். என் விரல் வைத்தால் அவன் ஃபோன் லாக் திறக்குமா?
— ஒரு மாணவன், தண்டையார்பேட்டை

ஏழாவதில் தம்பிக்குத் தனி ஃபோனா! சரி, அது உங்கள் அம்மா பாடு.

விரலுக்குத் திறக்காது கண்ணா. ஏன் என்று மேலே வளசரவாக்கம் கடிதத்தில் சொல்லியிருக்கிறேன், படி. ஆனால் முகம் காட்டித் திறக்கும் ஃபோன் என்றால் ஏமாற வாய்ப்பு உண்டு. அவன் தூங்கும்போது வேண்டாம். அவனிடம் சொல்லிவிட்டு, விரலில் பத்து தடவை, முகத்தில் பத்து தடவை செய்து, எத்தனை தடவை திறந்தது என்று நோட்டில் கோடு போட்டு எனக்கு அனுப்பு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.